ரயில்வே பூனை

காலை எட்டே முக்கால், ஜப்பான் மணிக்கு. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். தோக்கியோவும் மலாயாவில் எங்கள் பிரிக்பீல்ட்ஸும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டுமாம். சூரியனுக்கு அந்த உத்தரவு போகவில்லை. அதனால் எட்டே முக்காலுக்கும் வெயில் எங்கள் கொல்லை மரவள்ளிச் செடிகளின் உச்சி இலைகளைத்தான் தொட்டிருந்தது.

நான் முதலில் பார்த்தது செடிகள் அசைவதை. காற்று இல்லை. கடைசி வரிசையில் மட்டும் நாலைந்து செடிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின. அப்புறம் வெள்ளையாக ஏதோ தரையோடு இழுபட்டது. கொடியிலிருந்து விழுந்த துணி என்று நினைத்தேன். நுனி கறுப்பாக இருந்ததால்தான் அது வால் என்று தெரிந்தது.

எங்கள் பூனையின் இடது தொடையை ஓர் உடும்பு கவ்வியிருந்தது. ஆற்றங்கரை உடும்பு, என்னைவிட நீளம். அது தலையை அசைக்கும்போதெல்லாம் பூனையும் செடிகளும் சேர்ந்து அசைந்தன. பூனை கோழியைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டது என்று பிற்பாடு ரயில்வே குவாட்டர்ஸில் சொல்லிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அது கோழிக்கூடையின் மேல் படுத்துத் தூங்குகிற வழக்கம் உள்ளது, அவ்வளவுதான்.

கத்தினேனா என்று நினைவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் கடப்பாரையோடு வேலி தாண்டி வந்ததால் கத்தியிருக்க வேண்டும். உடும்பு வாயை விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடியது. வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். அந்த வருடம் யார் வீட்டிலும் கறி கிடையாது.

“பாலத்துப் பக்கம் மடக்குங்கடா.”

“வாலு எனக்கு.”

“வால அறுத்து உனக்கு மாலை போடுறேன். முதல்ல ஓடு.”

சத்தம் தூரமாகப் போயிற்று. கொல்லையில் நானும் பூனையும் மட்டும் இருந்தோம்.

பூனையின் பெயர் கார்டு. வைத்தவர் அப்பா. நாங்கள் எங்கே நடந்து போனாலும் அது எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வரும். ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பாரே, அந்தக் கார்டு மாதிரி. அப்பா எஞ்சினில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் பெரியப்பாவும் குடியிருந்த ரயில்வே குவாட்டர்ஸிலேயே அப்பாவும் நானும் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை. சரக்கு ஏறியதும் வேகன் கதவை இழுத்துக் கொக்கி மாட்டுவது அவர் பொறுப்பு.

உடும்பு வந்த காலையில் அப்பா வீட்டில் இல்லை. சயாமுக்குப் போய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

அது 1943. ஜப்பான்காரர்கள் சயாமில், இன்றைய தாய்லாந்தில், போட்ட ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். தோட்டங்களில் பிடித்தார்கள், ரோட்டில் நடந்து போனவர்களையும் பிடித்தார்கள். அப்பா என்னை அழைத்துக்கொண்டு செமினிக்குப் போய்விடலாம் என்று இருந்தார். அங்கே ஒரு தோட்டத்தின் கோடியில் சொந்தக்காரர் ஒருவர் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா வேண்டாம் என்றார். சாப்பாட்டு நேரம். எனக்கு எதிரேதான் பேசினார்கள்.

“தோட்டத்துல இருக்கிறவனத்தான்பா லோரியில ஏத்துறான். நீ ரயில்வே. கைப்பட்டையக் கழட்டாத. தூங்கும்போதும் கழட்டாத. எவன் கேட்டாலும் ரயில்வேன்னு சொல்லு. நம்ம மேல கை வச்சா இவன் வண்டிய எவன் ஓட்டுவான்?”

“சரிண்ணே,” என்றார் அப்பா, ஜப்பான் எழுத்துப் போட்ட அந்த ரயில்வே துணிப்பட்டையைக் கையில் இழுத்துவிட்டபடி.

அப்படி நம்பியது பெரியப்பா மட்டும் இல்லை. குவாட்டர்ஸே நம்பியது. ரேஷன் வரிசையில், பாலத்துக் காவலில், வீட்டுக் கதவு தட்டப்படும்போது ‘ரயில்வே’ என்ற ஒரு சொல் போதும். பெரும்பாலும் போதுமாகவும் இருந்தது. சில வாரம் கழித்து சயாமில் ரயில் வேலை தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். உத்தரவு எஞ்சின் ஷெட்டுக்கு வந்தது. கைப்பட்டை கட்டியிருந்தவர்களை நிற்கவைத்து எண்ணிக்கொண்டார்கள்.

சரக்கு வேகனில்தான் ஏற்றினார்கள். பெரியம்மாவும் நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். பூனை வழக்கம்போல் எங்களுக்குப் பின்னால். அப்பா வேகன் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துச் சொன்னார்: “பின்னால பாத்துக்க, கார்டு.” எனக்கென்று தனியாக ஒன்றும் சொல்லவில்லை. கதவை இழுத்துக் கொக்கி மாட்டியவர் பெரியப்பா.

அதன் பிறகு எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது பூனைதான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துச் சொந்தங்களிடம் போய்விட்டார்கள், கிழங்காவது கிடைக்கும் என்று. மிச்சமிருந்தவர்கள் காலையில் வெயிலில் நின்று ஜப்பான் பாட்டுப் பாடி, மதியம் பள்ளிக்கூடத் தோட்டத்தில் களை பிடுங்கினோம். பெரியப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார். பெரியம்மா நல்லவர், ஆனால் வேலையோடுதான் பேசுவார்: “தண்ணி புடிச்சியா,” “கோழிய அடைச்சியா.” சாயங்காலம் நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்வேன். கார்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்து போகாது. அது போதுமானதாக இருந்தது.

இப்போது அது மரவள்ளிக்கு நடுவில் பக்கவாட்டில் கிடந்தது. தொடையில் தோல் கிழிந்து மடிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

உடும்பு வேட்டையைப் பாதியில் விட்டுத் திரும்பிய பெரியம்மாதான் முதல் வைத்தியம் செய்தார். வெட்டுக்காயத்துக்கு நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: காப்பித்தூளை அள்ளி அப்புவது. அவரும் டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி அப்பினார். ஆனால் அந்த டப்பாவில் காப்பித்தூள் தீர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. இருந்தது கருக வறுத்து அரைத்த சோளம். அதைத்தான் நாங்கள் காப்பி என்று குடித்துக்கொண்டிருந்தோம். தினமும் காப்பி என்றே சொல்லிச் சொல்லி, அவருக்கே அது மறந்துவிட்டது. ரத்தம் சோளத்தை ஊறவைத்துக் கூழாக்கி வழிந்தது.

பெரியப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தார். பூனையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“அந்தக் கோட்டை எடு,” என்றார்.

அப்பாவின் நீலக் கோட்டு. எஞ்சினில் போடுவது. எண்ணெயும் கரியும் சேர்ந்த வாசனை அதில் அப்படியே இருந்ததால் பெரியம்மா அதைத் துவைக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பூனையை அதில் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்தோம். நான் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டிவிட்டு மறுபடி படுத்திருப்பார், அழாமல் நின்றதால்தான் கிளம்பினார் என்று பெரியம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னார்.

சைக்கிளில் டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தார். பின்சீட்டில் நான், மடியில் கூடை. ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரிந்தது. பூனைக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் போனது பக்கத்து வரிசையில் குடியிருந்த டிரஸ்ஸர் வீட்டுக்கு. நம் ஆட்களுக்குக் காயம் கட்டுகிறவர். அவர் வாசலில் நின்றபடியே கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“மனுசனுக்கே மருந்து இல்லண்ணே. வாழை நாரை வச்சிக் கட்டிக்கிட்டு இருக்கேன். மத்தியானத்துக்குள்ள செத்துடும். கோணில போட்டு ஆத்துல விடுங்க.”

பெரியப்பா நகரவில்லை.

“இல்லேன்னா பங்சார் ரோட்டு முனையில மாட்டாஸ்பத்திரி இருக்குல்ல, அங்க போய்ப் பாருங்க,” என்றார் டிரஸ்ஸர். “ஒரு ஜப்பான்காரன் இருக்கான், குதிரை டாக்டர். மிருகம்னா அவனுக்கு உசுரு. நம்மளத்தான் புடிக்காது.”

பாலத்தில் காவல் இருந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி, தள்ளிக்கொண்டு போய், நின்று, இடுப்பு மடிய வணங்க வேண்டும். பெரியப்பா சைக்கிளைப் பிடித்தபடி வணங்கினார். நான் கூடையை மார்போடு அணைத்துக் குனிந்தேன். கூடை சாய்ந்து பூனை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்திப் பிடித்தேன். சிப்பாய்க்கு அது போதாத வணக்கமாகப் பட்டிருக்க வேண்டும். கையால் தரையைக் காட்டினான். மறுபடி குனிந்தேன். பூனை உறுமியது. உடும்பு கடித்த பிறகு அது போட்ட முதல் சத்தம் அதுதான். சிப்பாய் கோட்டின் மடிப்பை விரலால் தூக்கிப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது. “நேக்கோ,” என்றான். பூனை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையை வீசிப் போகச் சொன்னான்.

மாட்டாஸ்பத்திரி என்பது நீளமான தகரக் கொட்டகை. வாசலில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. லோரிக்கு எண்ணெய் இல்லாத காலம். ஊர்ச் சரக்கெல்லாம் மாட்டின் மேல்தான் போயிற்று. அதனால் மாடுகளுக்குக் கவனிப்பு இருந்தது. வண்டிக்காரர்கள் கூடையைப் பார்த்தார்கள்.

“என்னண்ணே, கன்னுக்குட்டியா?”

“பூனைலா அது.”

“அடேங்கப்பா. எத்தன மூட்ட இழுக்கும்?”

“ஒண்டியாவா, சோடி போட்டா?”

சிரித்தார்கள். ஆனால் வரிசையில் எங்களை முன்னால் போகவிட்டவர்களும் அவர்கள்தான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு தமிழர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே உதவியாளர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“பூனை நாய்க்கெல்லாம் இப்ப பாக்கிறதில்லிங்க. வேலை செய்யிற மிருகத்துக்கு மட்டும்தான் மருந்து. வண்டி மாடு, ராணுவக் குதிரை. அவ்வளவுதான். நான் ஒரு சொட்டு எடுத்தாலும் கணக்குக் கேப்பான்.”

பெரியப்பா கூடையைப் பார்த்தார். கோட்டின் நீலத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. நான் அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன். கைப்பட்டை கட்டிய கையை அவர் மேசை மேல் வைத்தார்.

“இது வேலை செய்யிற பூனைங்க,” என்றார். “ரயில்வே பூனை. கூட்ஸ் ஷெட் அரிசி கோடவுன்ல எலி புடிக்கிறது. டூட்டியிலதான் அடிபட்டுச்சு.”

உதவியாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது குதிரை டாக்டர் கூட வந்தார். குள்ளமான மனிதர், முழங்கை வரை மடித்த சட்டை, கைகளில் சோப்பு நுரை. நாங்கள் வணங்கும்வரை காத்திருந்தார். பிறகு மலாயில் கேட்டார்.

“கூச்சிங், கெர்ஜா?” பூனை வேலை செய்யுமா?

“கெர்ஜா, துவான். கெரெத்தா ஆப்பி,” என்றார் பெரியப்பா. செய்யும் ஐயா, ரயிலில்.

ஒரு நாளைக்கு எத்தனை எலி என்று டாக்டர் விரல்களைக் காட்டிக் கேட்டார். பெரியப்பா மூன்று விரல்களை நிமிர்த்தினார். கொஞ்சம் யோசித்து நான்காவதையும் நிமிர்த்தினார். கார்டு அதுவரை தன் வாழ்நாளில் பிடித்தவை பல்லிகள், ஒரு சிட்டுக்குருவி.

டாக்டர் கோட்டைப் பிரித்தார். காயத்தில் இருந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். உதவியாளரிடம் ஏதோ கேட்டார்.

“என்ன அப்பியிருக்கீங்கன்னு கேக்கிறாரு.”

“காப்பித்தூள்,” என்றார் பெரியப்பா.

“சோளம்னு சொல்றாரு.”

“எங்க வீட்டுல அதான் காப்பி.”

உதவியாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

டாக்டர் பூனையைப் பிடரியில் ஒரு பிடி பிடித்தார். அது அப்படியே அடங்கியது. அந்த மாதிரி ஒரு பிடியை நான் பிறகு பார்த்ததில்லை. என்னை முன்னங்கால்களைப் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார், நேரமெடுத்து, ஒவ்வொரு சோளத்துகளாக. பழுப்பு மருந்து ஊற்றினார். பூனை என் வலது கட்டைவிரலைக் கடித்தது. பல் எலும்புவரை போயிற்று. கையை எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். டாக்டர் அதைக் கவனித்தார். தைக்கத் தொடங்கினார். வளைந்த ஊசி, மாட்டுக்குப் போடும் தடிமனான நூல். மெல்ல ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தைத்தார். முடிந்ததும் அதே மருந்தை என் விரலிலும் ஊற்றினார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

கிளம்பும்போது ஒரு துண்டு வெள்ளைத் துணியில் தூரிகையால் இரண்டு எழுத்து எழுதி, அதைப் பூனையின் கழுத்தில் கட்டினார். பள்ளிக்கூடத்தில் படித்த சின்ன எழுத்துகள்தான் எனக்குத் தெரியும். அவை கட்டம் கட்டமான பெரிய எழுத்துகள். என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் முதல் எழுத்தைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் கைப்பட்டையிலும் அதுதான் முதலில் இருந்தது.

திரும்பும் வழியில் பெரியப்பா நல்ல மனநிலையில் இருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டே, “பாத்தியா புள்ள,” என்றார். “ரயில்வேன்னு ஒரு வார்த்தை. போதும்.”

அன்று சாயங்காலம் பாயிண்ட்ஸ்மேன் ஒரு கிண்ணத்தை மூடிக்கொண்டு வந்தார். உடும்பு அகப்பட்டிருந்தது. எங்கள் கொல்லையில் கண்டதால் எங்களுக்கும் பங்கு.

“பூனையக் கடிச்சத நீ கடி புள்ள,” என்றார் என்னிடம்.

கோழிக்கறி மாதிரி இருந்தது. சாப்பிட்டேன்.

பூனை கட்டிலுக்கு அடியில் அந்தக் கோட்டின் மேலேயே கிடந்தது. முதல் சில நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கஞ்சியை விரலில் தொட்டு அதன் வாயில் தடவினேன். பிறகு நக்க ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, கட்டிலுக்கடியில் பார்த்துக்கொண்டே பேசுவேன். ஜப்பான் பாட்டில் எந்த வரியை நான் வாயசைத்து மட்டும் பாடினேன், குழாயடியில் யாருக்கும் யாருக்கும் சண்டை, சயாமிலிருந்து யார் வீட்டுக்கும் கடிதம் வரவில்லை. அது எழுந்து போக முடியாத நிலையில் இருந்ததால் நிறையவே பேசினேன். வாழ்க்கையில் பிறகு எவரிடமும் அவ்வளவு பேசியதாக நினைவில்லை.

தையல் பிரிக்க வரச்சொன்ன நாளில் மூவரும் போனோம், பெரியப்பா, நான், கூடையில் பூனை. குதிரை டாக்டர் நூலை வெட்டி இழுத்தார். பூனையைத் தரையில் விட்டார். இடது காலைக் கொஞ்சம் விலக்கி வைத்து, ஆனால் விழாமல், சுவரோரமாக நடந்தது. டாக்டர் சிரித்தார். அவர் பற்களை அன்றுதான் பார்த்தேன். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வெளியில் காத்திருந்த சிப்பாய் ஒருவன் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

உதவியாளர் பெரியப்பாவிடம் தாழ்ந்த குரலில் விளக்கினார். “அரிசி கோடவுன் அதிகாரி இவருக்குச் சினேகிதருங்க. எலித் தொல்லை தாங்கலியாம். உங்க பூனையப் பத்தி அவருகிட்ட சொல்லிவிட்டுட்டாரு. இனிமே அது வெளிய சுத்த வேணாம், அங்கேயே இருக்கட்டும், தினம் மீன் போடச் சொல்லியிருக்காருன்றாரு.”

“அது வந்து...” என்றார் பெரியப்பா.

“நீங்கதானேங்க சொன்னீங்க.”

பெரியப்பா குதிரை டாக்டரைப் பார்த்தார். அவர் ஒரு நன்றியை எதிர்பார்த்து நின்றார். பெரியப்பா வணங்கினார். நானும் வணங்கினேன். சிப்பாய் பூனையைப் பெட்டியில் வைத்துப் பலகையை மூடினான். டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீனிக்கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குதிரைக்குக் கொடுப்பது என்று நினைக்கிறேன்.

வழியெல்லாம் என் மடியில் கூடை இருந்தது. உள்ளே கோட்டு மட்டும்.

“தினம் மீன் போடுவானாம்,” என்றார் பெரியப்பா, திரும்பாமல். “நம்ம வீட்டுல கிழங்குதான.” பாலம் தாண்டிய பிறகு மறுபடியும், “நல்லாத்தான் வச்சிக்குவான்,” என்றார்.

பெரியம்மா வாசலில் நின்றார். கூடையைப் பார்த்தார். “எதக் கண்டாலும் ரயில்வே, ரயில்வே,” என்றார். அன்று பெரியப்பா ஷிப்டுக்குச் சாப்பிடாமல் போனார். கோட்டைப் பெரியம்மா கொதிநீரில் போட்டுத் துவைத்தார். பிறகு அதை வெட்டி இரண்டு பையாகத் தைத்தார், ரேஷன் வாங்க. துவைத்த பிறகு அதில் எந்த வாசனையும் இல்லை.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் கோடவுன். தகர வேலியில் ஒரு தகடு வளைந்து இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தால் அரிசி மூட்டைகள் கூரைவரை தெரியும். நாங்கள் அரிசியைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். மூட்டைகளின் மேல், வெளிச்சம் விழும் இடத்தில், கார்டு உட்கார்ந்திருக்கும். கழுத்தில் துணி. முதல் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் திருப்பியது. எழுந்து நின்றது. அதற்குள் காவலாள் வந்துவிட்டான். மறுநாளிலிருந்து கூப்பிடாமல் பார்த்துவிட்டுப் போனேன். அது பருத்துக்கொண்டே வந்தது. ரோமம் பளபளத்தது. இடது தொடையில் மட்டும் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. அங்கிருந்தே அந்தக் கோடு தெரியும். நாங்களெல்லாம் கால் வீங்கி, சொறி பிடித்துக் கிடந்த வருடம் அது.

பாயிண்ட்ஸ்மேன் ஒருநாள் என்னோடு சேர்ந்து இடைவெளியில் எட்டிப் பார்த்தார். “நம்மளையும் எலி புடிக்கச் சேத்துக்குவானான்னு உன் பூனையக் கேட்டுச் சொல்லு புள்ள,” என்றார். “நான் நல்லாப் புடிப்பேன்.”

வெள்ளைக்காரர்களின் விமானக் குண்டு விழத் தொடங்கியதும் அரிசியைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். ஒருநாள் இடைவெளியில் கண்ணை வைத்தபோது மூட்டையும் இல்லை, பூனையும் இல்லை. சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. அந்த வண்டியில் போன உண்மையான கார்டு பெரியப்பாவிடம் சொன்னது இது: பூனையைக் கடைசிப் பெட்டியில், அவர் பக்கத்தில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். கிள்ளான் வரும்வரை அது பின்பக்கக் கம்பி வழியாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்ததாம். “டூட்டி பாக்குற மாதிரியே இருந்துச்சுண்ணே,” என்றாராம். பெரியப்பா அதை எனக்கு இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போல.

ஜப்பான்காரர்கள் சரணடைந்தார்கள். கடிகாரங்கள் பின்னுக்கு வந்தன. சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். 1945 முடிகிற சமயம் ஒரு சாயங்காலம், எங்கள் வரிசைக்கு ஒருவர் வந்தார். அப்பாவோடு அதே வேகனில் போன ஃபயர்மேன். பெரியப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை. குழாயடியில் நின்று பேசினார்கள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வந்தவர் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தண்ணீர் வெறுமனே ஓடியது. அப்பா சயாமிலேயே இறந்துவிட்டார் என்று வந்தவர் சொன்னது எனக்குத் தெரிந்தது அடுத்த வருடம். சொன்னவர் பெரியம்மா.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “நாளைக்குக் கிள்ளானுக்குப் போவோம் புள்ள. கார்டைக் கூட்டிட்டு வந்துருவோம்.”

பெரியம்மா எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் ரயிலில் போனோம். அதே பிரம்புக் கூடை. கோடவுன் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை, கிழிந்த சாக்குகளைத் தவிர. பெரியப்பா ஒவ்வொரு மூலையாகப் போய், “கார்டு, கார்டு,” என்று கூப்பிட்டார். கைப்பட்டை இல்லாத கை. வெறும் கூடத்தில் அவர் குரல் திரும்பி வந்தது. வெளியே எதிர்ச்சாரியில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். நாங்கள் அலைவதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“என்ன தம்பி தேடுறீங்க?”

பெரியப்பா சொன்னார்.

“பூனையா? அரிசி இருந்தப்ப ஏகப்பட்டது இருந்துச்சு. அரிசி போச்சு, அதுகளும் போயிருச்சு. மனுசனே மூலைக்கு ஒண்ணாப் போயிட்டான், பூனைக்கு என்ன.”

அப்போது கடைக்குள், சீனி மூட்டை இருந்திருக்க வேண்டிய பலகையின் மேல், ஒரு பூனை எழுந்து முதுகை வளைத்தது. வெள்ளை. வால் நுனி கறுப்பு.

“இதோ,” என்றார் பெரியப்பா. “இதான். இதான் புள்ள நம்ம கார்டு.”

“தம்பி, அது நம்ம கடையில...” என்று ஆரம்பித்த கடைக்காரர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றார். கூடையில் விரிக்க ஒரு சாக்கும் கொடுத்தார்.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “நல்லா இருக்கானா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான் பெரியப்பா,” என்றேன்.

கூடைக்குள் கை விட்டேன். பூனை கடிக்கவில்லை. கழுத்தைத் தடவினேன், முதுகைத் தடவினேன், இடது தொடைக்கு வந்தேன். ரோமம் ஒரே சீராக இருந்தது. தழும்பு இல்லை.